படிப்பு விசாவும் பகுதிநேர வேலையும்

பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதைப் பற்றிய பேச்சு இன்று நம்மவர் வீடுகளில் எழாத நாளில்லை. டில்லிக் கரோல்பாக்கிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலும், இன்னும் பிலாயிலும் நாகபுரியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் இருவர் சந்தித்தால், எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கட்டணம், எந்த வங்கி என்ன வட்டிக்குக் கடன் தருகிறது என்றெல்லாம் நுணுகி விசாரிக்கிறார்கள். இவ்வளவையும் விசாரிப்பவர்கள் ஒரு விஷயத்தை மாத்திரம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். "மேற்கொண்டு ஆகும் செலவுக்கு அங்கேயே பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான்" என்பதே அந்த வாக்கியம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இந்த நம்பிக்கை காரணமின்றிப் பிறந்ததன்று. பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களாகிய நமக்கு அது குடும்பச் சொத்தைப் போன்றது. நம் பெரியவர்களில் பலர் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி வடக்கே வந்தவர்கள். பகலில் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பொழுது சாய்ந்தபின் மாலைக் கல்லூரி. அப்படி வேலையும் படிப்புமாக நடத்தியே பட்டதாரியானவர் எத்தனையோ பேர். பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946-ஆம் ஆண்டில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, உத்தியோகம் பார்க்கும் ஏழை மாணவர்களை எண்ணியே காலை நேரத்தில் வகுப்புகளை அமைத்தது. சம்பாதித்துக்கொண்டே படிப்பது நம் நாட்டு நகரங்களில் கௌரவமான வழியாக இருந்திருக்கிறது. "நான் அப்படிப் படித்தேன், நீயும் அப்படிப் படி" என்று தகப்பனார் மகனுக்குச் சொல்வதில் வியப்பென்ன?

ஆனால் டில்லிக்கு வந்த குமாஸ்தாவுக்கும் லண்டனுக்குச் செல்லும் மாணவனுக்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. டில்லிக்கு வந்தவர் இந்தியக் குடிமகன். இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கவும், எத்தொழிலையும் செய்யவும் அவருக்கு நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி உழைத்தாய் என்று அவரை எவரும் கேட்க முடியாது. வெளிநாடு சென்ற மாணவனுக்கோ வேலை உரிமையன்று, அநுமதி. அதுவும் படிப்புக்குத் துணையாக, அளந்து கொடுத்த அநுமதி. அளவை மீறினால் போவது வேலை மாத்திரம் அன்று. படிப்பும் உடன் போகும். ஏனெனில் இரண்டும் ஒரே விசாவில் தொங்குகின்றன.

அந்த அளவு எத்தகையது என்பதற்கு முதலில் பிரிட்டனின் விதியைப் பார்ப்போம். அது கூர்மையாக எழுதப்பட்ட விதி. அதை விளங்கிக்கொண்டால் மற்ற நாடுகளின் விதிகள் எளிதில் விளங்கும். பட்டப்படிப்பும் அதற்கு மேலும் படிக்கும் முழுநேர மாணவன் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். பட்டப்படிப்புக்குக் கீழ்ப்பட்ட படிப்பானால் 10 மணி நேரம். பகுதிநேரப் படிப்புக்குச் சென்றவனுக்கு வேலைக்கு அநுமதியே இல்லை. வாரம் என்பது திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் ஏழு நாள். ஓர் உணவு விடுதியில் 12 மணி, ஒரு கடையில் 9 மணி என்று இரண்டு இடங்களில் பார்த்தால் மொத்தம் 21, விதி மீறியாகிவிட்டது. இந்த வாரம் 23 மணி பார்த்துவிட்டு அடுத்த வாரம் 17 மணியாகக் குறைத்துக்கொண்டேன், சராசரி இருபதுதானே என்று வாதிப்பதற்கும் இடமில்லை. வேலை பழகிக்கொள் என்று சம்பளமின்றி நிறுத்திவைத்த நேரமும் கணக்கில் சேரும்.

விடுமுறையில் முழுநேரமும் வேலை பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் விடுமுறை எது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். நம் பிள்ளைகளில் மிகப் பலர் செல்வது ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு. கோடையில் வகுப்புகள் நின்றுவிடுகின்றன; கல்லூரி வளாகம் வெறிச்சோடிக் கிடக்கிறது; இளநிலை மாணவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். விடுமுறை வந்துவிட்டது என்று முதுகலை மாணவனும் நாற்பது மணி வேலையை ஒப்புக்கொள்கிறான். அவன் ஆய்வேட்டை எழுதிக் கொடுக்கும்வரை அவனுக்கு அது கல்விப் பருவமே. கட்டடம் பூட்டியிருப்பதைக் கொண்டு விடுமுறையைத் தீர்மானிக்கக் கூடாது. பல்கலைக்கழகம் எழுத்தில் தரும் தேதிகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

மணிக் கணக்கோடு விஷயம் முடிவதுமில்லை. எந்த வேலை என்பதற்கும் வரம்பு உண்டு. பிரிட்டனில் படிப்பு விசா பெற்றவர் சொந்தத் தொழில் செய்யலாகாது. தொழில்முறை விளையாட்டு வீரராகவோ தொழில்முறைக் கலைஞராகவோ ஊதியம் பெறலாகாது. நம் குடும்பங்களுக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பத்தாண்டு சங்கீதம் கற்ற பெண் ஒருத்தி அங்கே முதுகலை படிக்கிறாள். ஓய்வு நேரத்தில் கணினி வழியாக நான்கு குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து மாதந்தோறும் தட்சிணை வாங்குகிறாள். நவராத்திரியில் அந்த ஊர்த் தமிழ்ச் சங்கம் கச்சேரிக்கு அழைத்துச் சன்மானம் தருகிறது. நமக்கு இதைவிடப் புனிதமான சம்பாத்தியம் வேறில்லை என்று தோன்றும். சட்டத்தின் பார்வையில் முன்னது சொந்தத் தொழில். பின்னது கலைஞராகப் பெற்ற ஊதியம். மிதிவண்டியில் சென்று வீடுகளுக்கு உணவு கொண்டுகொடுக்கும் வேலையும் பெரும்பாலும் சொந்தத் தொழிலாகவே பதிவாகிறது. அதனால்தான் சில மாணவர்கள் வேறொருவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுகிறார்கள். விபத்து நேர்ந்தால் அந்தப் பிள்ளை அங்கே வேலை பார்த்தான் என்பதற்கே சான்றிராது.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். பெற்றோர் கவலை முழுவதும் அதில்தானே இருக்கிறது! 2025 ஏப்ரலில் பிரிட்டனில் 21 வயது நிரம்பியவர்க்குரிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. இருபது மணிக்கு அது வாரம் 244 பவுன். மாதத்துக்கு 1,058 பவுன் அளவில் வரும். அதே ஆண்டு ஜனவரியில் அந்த அரசாங்கமே மாணவனின் வாழ்க்கைச் செலவுக்கு என வகுத்த தொகை லண்டனில் மாதம் 1,483 பவுன்; லண்டனுக்கு வெளியே 1,136 பவுன். நவம்பரில் இத்தொகைகள் மேலும் உயர்த்தப்பட்டன. அஃதாவது, ஒரு மணி நேரமும் வீணாகாமல், நோய் நொடியின்றி, தேர்வு வாரத்திலும் ஓயாமல், விதி அநுமதித்த அளவு முழுதும் உழைத்தாலும், அரசாங்கம் சொல்லும் செலவுத் தொகையை அந்தக் குறைந்தபட்சக் கூலி எட்டுவதில்லை. லண்டனில் மாதம் 400 பவுனுக்கு மேல் துண்டு விழுகிறது. படிப்புக் கட்டணத்தை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. "வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வான்" என்ற வாக்கியத்தை இந்த எண்களின் அருகில் வைத்துப் பார்த்தால், அது சமாளிக்க முடியாத இடம் ஒன்று தெரிகிறது. அந்த இடத்தில்தான் பிள்ளை இருபத்தொன்றாவது மணியைத் தேடத் தொடங்குகிறான்.

இதற்குள் இன்னொரு வழக்கமும் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பிரிட்டன் கேட்கும் பணம் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் அந்த 28 நாளுக்கு மாத்திரம் பணத்தைக் கைமாற்றாக வாங்கிப் போட்டுக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. அதற்கென்றே வட்டிக்குக் கொடுப்பவர்களும் முளைத்திருக்கிறார்கள். தூதரகத்துக்குக் காட்டிய பணம் பிள்ளையோடு போகாது. போய் இறங்கிய இரண்டாம் வாரமே அவன் கூலிக்கு நிற்க வேண்டியவனாகிறான். ஜெர்மனி இந்தக் கண்கட்டு வித்தைக்கு இடம் வைக்கவில்லை. அங்கே ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் மாணவன் கைக்கே வரும். கடுமையான ஏற்பாடு என்று நம்மவர் முணுமுணுக்கிறார்கள். பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது கருணையான ஏற்பாடு என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஜெர்மனியில் வேலைக்கு வாரக் கணக்கைவிட ஆண்டுக் கணக்கே முதன்மையானது. 2024 மார்ச்சு முதல் ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். அதற்கு முன் அது 120 நாளாக இருந்தது. பிரான்சில் ஆண்டுக்கு 964 மணி. ஜப்பானில் தனியாக ஓர் அநுமதி பெற்றுக்கொண்டால் வாரம் 28 மணி.

ஆஸ்திரேலியாவில் கணக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஓடுகிறது. 2023 ஜூலை முதல் தேதியிலிருந்து பதினான்கு நாளைக்கு 48 மணி. வாரம் 24 மணி என்று இதைச் சுருக்கிவிடலாகாது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பதினான்கு நாள் என்பது எந்தத் திங்கட்கிழமையிலிருந்தும் தொடங்கலாம். முதல் வாரம் 10 மணி, இரண்டாம் வாரம் 38 மணி, மூன்றாம் வாரம் 12 மணி என்று ஒரு மாணவன் வேலை பார்த்தான் என்று கொள்வோம். முதலிரண்டு வாரமும் சேர்ந்து 48, குற்றமில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 50, குற்றம். மூன்றாம் வாரத்தில் வெறும் பன்னிரண்டு மணிதான் பார்த்தேன் என்று நிம்மதியாகத் தூங்கியவன், அந்த வாரத்திலேதான் விதியை மீறியிருக்கிறான். அன்றியும், படிப்பு தொடங்கும் நாளுக்கு முன் அங்கே வேலையைத் தொடவே கூடாது. ஆராய்ச்சி முதுகலையும் முனைவர் பட்டமும் படிப்பவர்க்கு, படிப்பு தொடங்கியபின், இந்த வரம்பு இல்லை.

அமெரிக்காவின் விதி வேறு வகை. அங்கே மணியைவிட இடம் முக்கியம். கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி வேலை பார்க்கலாம். ஆனால் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளே. நூலகம், ஆய்வுக்கூடம், உணவுச்சாலை இவைபோன்ற இடங்கள். முதல் கல்வியாண்டு முழுவதும் வளாகத்துக்கு வெளியே வேலை கிடையாது. அதற்குப் பின்னும் படிப்போடு தொடர்புடைய பயிற்சி வேலை, அல்லது எதிர்பாராத கடும் பண நெருக்கடி என்ற காரணங்களுக்காக முன்கூட்டியே அநுமதி பெற்றால்தான் வெளியே செல்லலாம். ஆதலால் பெட்ரோல் நிலையத்திலும் நெடுஞ்சாலை விடுதியிலும் ரொக்கக் கூலிக்கு நிற்பவன் ஒரு மணி நேரம் நின்றாலும் விதி மீறியவனே. "இருபது மணிக்குள்தானே பார்க்கிறேன்" என்பது அங்கே விடையாகாது.

கனடாவை எடுத்துக்கொண்டால், இவ்விதிகள் எவ்வளவு விரைவாக உருமாறுகின்றன என்பது தெரியும். அங்கே வளாகத்துக்கு வெளியே வாரம் 20 மணி என்றிருந்த வரம்பை 2022 நவம்பரில் தற்காலிகமாக நீக்கினார்கள். 2024 ஏப்ரல் முடிவில் அந்தச் சலுகை முடிந்தது. 20 மணி திரும்பி வந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதியிலிருந்து 24 மணி ஆயிற்று. ஆஸ்திரேலியாவிலும் பெருந்தொற்றுக் காலத்தில் வரம்பைத் தளர்த்தியிருந்தார்கள். நியூஸீலந்து 2025 நவம்பரில் 20 மணியை 25 ஆக உயர்த்தியது. ஆகவே 2023-இல் கனடாவில் படித்த அண்டை வீட்டுப் பிள்ளை, "நான் வாரம் நாற்பது மணி பார்த்தேன்; யாரும் கேட்கவில்லை" என்று சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. அவன் காலத்துக்கு அது சட்டம். அதை நம்பி இன்று செல்பவன் அதே வேலையைச் செய்தால் குற்றவாளி. முன்னே சென்றவர் வாய்மொழி நமக்கு எப்போதும் வழிகாட்டி. குடியேறிப் பிழைத்த சமூகத்துக்கு அதைவிட்டால் வேறு ஏது? எனினும் இந்த ஒரு காரியத்தில் வாய்மொழியைத் தள்ளிவைத்து, அந்தந்த அரசாங்கத்தின் குடிவரவுத் துறை வெளியிடும் விதியை அந்த மாதத்திலேயே படித்துப் பார்ப்பதே தகும்.

இவ்வாறு மாறி மாறி வருவதைக் கண்டால், இருபது என்ற எண்ணில் புனிதம் ஒன்றும் இல்லை என்பதும் புலப்படும். ஆளில்லாமல் கடைகளும் முதியோர் இல்லங்களும் தவித்தபோது வரம்பு தளர்ந்தது. தவிப்பு தீர்ந்ததும் இறுகியது. பல பல்கலைக்கழகங்கள் நடைபெறுவதே அயல்நாட்டு மாணவர் செலுத்தும் பெருங் கட்டணத்தைப் பற்றிக்கொண்டுதான். கட்டணத்தை வாங்கிக்கொண்டு, இராக்காவலுக்கும் கிடங்கு வேலைக்கும் மாணவர் கைகளையும் பயன்படுத்திக்கொண்டு, மணியை மாத்திரம் எண்ணுவது என்ன நியாயம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். படிக்க வந்தவன் படிக்க வேண்டும் என்பதும், உள்ளூர்த் தொழிலாளியின் கூலி குறைந்துவிடக் கூடாது என்பதும் அவர்கள் தரும் சமாதானம். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் விதி நியாயமானதா என்ற விவாதம் முடியும்வரை நம் பிள்ளை அந்த விதியின் கீழேதான் வாழ வேண்டியிருக்கிறது. மீறுவதன் விலையில் மிகப் பெரும் பங்கு அவன் தலையில்தான் விழுகிறது.

அந்த விலை என்ன? விசா ரத்தாகலாம், நாட்டை விட்டு அனுப்பலாம், பின்னர் கேட்கும் விசாக்களும் மறுக்கப்படலாம். ஊரில் வீட்டை ஈடு வைத்து வாங்கிய கல்விக் கடன் மாத்திரம் ரத்தாவதில்லை. இது எல்லாரும் அறிந்த தண்டனை. அறியாத தண்டனை ஒன்று இருக்கிறது. அது பிடிபடுவதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2015-ஆம் ஆண்டு வெளிப்பட்ட செவன்-இலெவன் கடைகளின் விவகாரத்தை இங்கே சொல்ல வேண்டும். இரவு பகலாகத் திறந்திருக்கும் அக்கடைகள் பலவற்றில் அயல்நாட்டு மாணவர்களே பெருவாரியாக வேலை பார்த்தார்கள். இந்தியர்களும் அவர்களில் இருந்தார்கள். அக்காலத்தில் அங்கே வரம்பு இரண்டு வாரத்துக்கு 40 மணி. வாரத்துக்கு இருபது என்று கொள்ளலாம். சில கடைகளில் நடந்தது என்னவென்றால், மாணவனை நாற்பது மணி நேரம் வேலை வாங்குவார்கள். ஏட்டில் இருபது மணி என்று எழுதுவார்கள். இருபது மணிக்கே சம்பளம் தருவார்கள். ஆக, கூலி பாதி. ஏன் என்று கேட்டால், "நீ விசா விதியை மீறியவன், குடிவரவுத் துறைக்குச் சொல்லட்டுமா?" என்று பதில் வரும். விதியை மீறச் செய்தவனே அந்த மீறலைக் கயிறாகத் திரித்து மீறியவன் கழுத்தில் மாட்டிவிட்டான். செய்தியாளர்கள் அதை அம்பலப்படுத்தியபின் அந்த நிறுவனம் தொழிலாளர்க்குத் திருப்பிக் கொடுத்த பாக்கிச் சம்பளம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

இந்தக் கதையை நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபத்தொன்றாவது மணிக்கு யாரும் முழுக் கூலி கொடுப்பதில்லை. நாணயமான முதலாளி அந்த மணியை வாங்கவே மாட்டார். பிரிட்டனில் அநுமதியற்ற வேலை கொடுத்த முதலாளிக்கு முதல் தடவையே ஆளொன்றுக்கு 45,000 பவுன் வரை அபராதம் உண்டு. ஆதலால் அவர் மாணவனிடம் கல்விப் பருவத் தேதிகளை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார். அந்த மணியை வாங்க வருபவன் ரொக்கமாகக் கொடுப்பவன். சம்பளச் சீட்டு தராதவன். குறைந்த கூலிக்குக் கிடைக்கும் என்பதற்காகவே வாங்குபவன். அவன் நம் நாட்டவனாகவும், நம் மொழி பேசுபவனாகவும்கூட இருக்கலாம். "தம்பி, நம்ம கடைதானே, கணக்கெல்லாம் எதற்கு?" என்று தோளில் கை போட்டுச் சொல்லும் குரலுக்கு அந்நிய ஊரில் எவ்வளவு வலிமை என்பது, வெளியூரில் பிழைக்க வந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகையால் புறப்படுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து போடும் வரவு செலவுக் கணக்கில் பகுதிநேரச் சம்பளம் என்ற வரவை எழுதாமல் விட்டுப் பாருங்கள். அது இல்லாமல் கணக்கு நிற்கவில்லையென்றால், ஓராண்டு தாமதித்துப் பணம் சேர்த்துக்கொண்டு போவது, கட்டணம் குறைந்த நாட்டையோ ஊரையோ நாடுவது, உதவித்தொகைக்கு மறுபடி முயல்வது என்று வேறு வழிகளைப் பற்றி மகனோடும் மகளோடும் மனம் விட்டுப் பேசலாம். சம்பளம் வந்தால் அது புத்தகத்துக்கும், குளிர்காலச் சட்டைக்கும், ஊர் வந்து போகும் செலவுக்கும் ஆகட்டும். கடன் தவணைக்கு அதை நம்பிவிட்டால், மாதம்தோறும் நாம் தொலைபேசியில் கேட்கும் "இந்த மாதம் எவ்வளவு அனுப்புவாய்?" என்ற கேள்வியே அவனை அந்தக் கடைக்காரனிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வேலையே பார்க்காதே என்று நாம் சொல்லவில்லை. வளாகத்துக்குள் கிடைக்கும் வேலை எங்கும் சிறந்தது. சம்பளச் சீட்டு ஒழுங்காக வரும், தேர்வு வந்தால் விடுப்புக் கிடைக்கும், மேலதிகாரிக்கே விதி தெரிந்திருக்கும். மொழி தடுமாறும் பிள்ளைக்கு நூலக மேஜையின் பின்னால் நிற்கும் ஆறு மாதம் வகுப்பறையில் கிடைக்காத படிப்பைத் தரும். எந்த வேலையானாலும் சேரும் அன்றே ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்தக் கடை என்று தன் கையால் எழுதி வருவது நல்லது. முதலாளியின் ஏட்டை மாத்திரம் நம்பியிருப்பவனுக்கு, பின்னால் வழக்கு வந்தால், கையில் ஒன்றுமே இராது. சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கையும் படிப்பு முடிந்தபிறகும் தூக்கி எறியலாகாது. அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றைக் கேட்கக்கூடும்.

ஒருகால் கூலியில் வஞ்சிக்கப்பட்டால், அல்லது தெரியாமல் மணிக் கணக்கு மீறிவிட்டால், அறைத் தோழனிடம் யோசனை கேட்பதோடு நிறுத்தக் கூடாது. பல்கலைக்கழகங்களில் அயல்நாட்டு மாணவர்க்கென்றே ஆலோசனை அலுவலகம் இருக்கிறது. அமெரிக்காவில் மாணவனின் விசா நிலையைக் கவனிக்கும் பொறுப்பதிகாரி ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. வேலை ஒப்புக்கொள்வதற்கு முன் அவரிடம் கேட்பதே முறை. ஆஸ்திரேலியாவில் கூலித் தகராறுகளை விசாரிக்கும் அரசாங்க அமைப்பான நியாய வேலைக் குறைகேள் அலுவலகம், விசாவில் வந்தவர்க்கும் உள்ளூரார்க்கும் ஒரே கூலிச் சட்டத்தைத்தான் பார்க்கிறது. 2024 ஜூலை முதல் அங்கே, விசாவைக் காட்டி அச்சுறுத்தி அயல்நாட்டாரை விதி மீறச் செய்யும் முதலாளி குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறான். சுரண்டப்பட்டு முறையிடுபவர்க்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விசா ரத்தாகாமல் இருக்கப் பாதுகாப்பும் அளித்திருக்கிறார்கள். செவன்-இலெவன் காலத்து மாணவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த அலுவலகத்தோடு தொலைபேசியில் பேச ஆங்கிலம் தடையானால், அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புச் சேவை மூலம் தமிழிலும் பேசலாம்.

நம் வெளியுறவு அமைச்சகம் 2015-இல் 'மதத்' என்ற பெயரில் ஓர் இணையவழி முறையீட்டு ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டில் படிக்கும் இந்திய மாணவர்கள் அதில் தங்கள் விவரங்களைப் பதிவு செய்துகொள்ளலாம். இடர் நேர்ந்தால் அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு அதன் வழியே முறையிடலாம். அந்த முறையீடு எந்த நிலையில் இருக்கிறது என்பதை இங்கிருந்தே பெற்றோரும் பார்த்துக்கொள்ளலாம். விசா வந்த அன்று, விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பாக, அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.